காரின் அடிவயிற்றுக்கு ஒரு கவசம்



உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால், அதன் அடிப்பாகத்தை என்றைக்கேனும் குனிந்து பார்த்ததுண்டா? வெள்ளிக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக இறங்கிக் கூரையைத் துடைக்கிறோம், கண்ணாடிகளைத் துலக்குகிறோம், கதவில் ஒரு சிறு கீறல் விழுந்தால் நெஞ்சில் விழுந்ததாகவே வருந்துகிறோம். ஆனால் கல்லையும் மண்ணையும் சேற்றையும் நாள்தோறும் ஏற்றுக்கொண்டு, மொத்த வண்டியின் உயிர்நாடிகளையும் தாங்கி நிற்கும் அந்த அடிவயிற்றை நாம் நினைப்பதேயில்லை. கண்ணுக்குத் தெரிவதைப் பேணுவதும், தெரியாததை மறந்துவிடுவதும் மனித இயல்பு போலும்!

அந்த மறதியின் விலை என்ன என்பதை என் தமக்கையின் குடும்பம் ஒரே நாளில் கற்றுக்கொண்டது. அதற்குப் பரிகாரம் தேடப் போய் மற்றொரு பாடத்தையும் கற்றது. அவ்விரண்டையும் உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிக்காஹ் பயணத்தில் நேர்ந்தது

தமக்கையின் மகன் வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு சிறிய கார் வாங்கியிருந்தார். உறவினர் ஒருவரின் நிக்காஹ் மஜ்லிஸுக்காக அன்று காலை குடும்பத்துடன் புறப்பட்டார். பெரியவர்கள் ஐவர், மடியில் ஒரு குழந்தை, பின்பெட்டி நிறையச் சீர்ப்பொருள்கள். சுமை ஏறியதால் வண்டி வழக்கத்தை விடத் தாழ்ந்து நின்றது. அதை எவரும் கவனிக்கவில்லை.

கிராமச் சாலை ஒன்றில் ஊரார் தாமாகவே கட்டிய உயரமான வேகத்தடை இருந்தது. முன்சக்கரங்கள் அதைக் கடந்து இறங்கியபோது, அடியில் ‘கரக்’கென்று ஓர் ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தார்; ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் புறப்பட்டார். சிறிது தொலைவு சென்றதும், எண்ணெய்க் குடுவை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு முகப்பில் எரிந்தது. “அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஓட்டினார். அடுத்த ஊர் வருமுன் என்ஜின் இறுகி நின்றுவிட்டது.

“மாமா, வண்டி அசையவே மாட்டேன் என்கிறது” என்று அவர் கைப்பேசியில் கலங்கிய குரலில் சொன்னபோது, தமக்கை பின்னால் அழுதுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது. வெயிலில் சாலையோரத்தில் குழந்தையுடன் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, வாடகை வண்டியில் அவர்கள் மஜ்லிஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது துஆ ஓதி முடிந்திருந்தது. உயிருக்கு எந்தச் சேதமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என்ஜினைப் பிரித்துச் சீர்செய்ய ஆன செலவு, வண்டி வாங்கியபோது கொடுத்த முன்பணத்தில் பாதிக்கும் மேல்.

நடந்தது இதுதான். என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி ஒன்று உண்டு. நம் பட்டறைகளில் அதைச் ‘சேம்பர்’ என்பார்கள். பெரும்பாலும் மெல்லிய தகட்டாலோ அலுமினிய வார்ப்பாலோ ஆனது. வேகத்தடை அதில் ஒரு விரிசலை உண்டாக்கிவிட்டது. எண்ணெய் வடிந்து போயிற்று. எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் உராய்ந்தால், சில நிமிடங்களில் வெப்பமேறிப் பற்றிக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரிந்த அக்கணமே என்ஜினை அணைத்திருந்தால், சேம்பரை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

அடியில் என்னென்ன இருக்கின்றன?

அந்தப் பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தி எனக்குக் காட்டினார். மேலே பளபளக்கும் கார், கீழே வேறோர் உலகமாக இருந்தது. முன்புறம் சேம்பரும் கியர்பெட்டியும்; அவற்றினின்று பின்னோக்கி நீளும் புகைக்குழாய்; அதன் நடுவே புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்; பக்கவாட்டில் பெட்ரோல் செல்லும் மெல்லிய குழாய்களும் பிரேக் குழாய்களும்; பின்னிருக்கைக்குக் கீழே பெட்ரோல் தொட்டி; கடைசியில் சைலன்சர். இவற்றுக்கிடையே பள்ளங்களும் மேடுகளும் வெற்றிடங்களுமாக இருந்தன.

“ஹஜ்ரத், முகத்துக்குப் பவுடர் பூசுகிறார்கள், காலுக்குச் செருப்புப் போட மறந்துவிடுகிறார்கள்” என்றார் அவர்.

இந்த அடிப்பாகத்துக்கு எதிரிகள் இருவர். ஒன்று கல், மற்றொன்று காற்று. கல் அதை உடைக்கிறது. காற்று அதைப் பிடித்து இழுக்கிறது. அடியில் தகடுகளைப் பொருத்துவதால் இவ்விருவரையும் எதிர்க்கலாம். ஆனால் ஒருவனுக்காகச் செய்யும் வேலை மற்றொருவனுக்கு உதவும் என்று எண்ணிவிடக் கூடாது.

காற்று செய்யும் வேலை

ஓடும் காரின் மீது காற்று மோதித் தடுக்கிறது என்பதை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிய குழந்தையும் அறியும். அத்தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. வேகம் 2 மடங்கானால் தடை 4 மடங்காகும். அத்தடையை வெல்ல என்ஜின் தர வேண்டிய ஆற்றல் 8 மடங்காகும்.

ஒரு நடுத்தரச் சிறிய காரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதை ஏறத்தாழ 8 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பின்னுக்குத் தள்ளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 32 கிலோவுக்கு மேல் போய்விடும். டயர் உருள்வதால் ஏற்படும் தடையோ இரு வேகங்களிலும் ஏறத்தாழ 12 கிலோ அளவில்தான் நிற்கும். எனவே ஊருக்குள் டயரின் தடையே பெரிது. நெடுஞ்சாலையில் காற்றின் தடையே பெரிது.

இக்காற்றில் ஒரு பகுதி காரின் அடியில் நுழைகிறது. மேலே வழவழப்பான உடலைத் தழுவிச் செல்லும் காற்று, கீழே குழாய்களிலும் பள்ளங்களிலும் முட்டிச் சுழன்று குழம்புகிறது. அக்குழப்பம் ஒவ்வொன்றும் எரிபொருளாகக் கழிகிறது. அடிப்பாகத்தைத் தட்டையான தகடுகளால் மூடினால் காற்று தடையின்றி வழுக்கிச் செல்லும்.

இவ்வுண்மை புதிதன்று. 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சிட்ரோயென் டி.எஸ். காரில் அடிப்பாகமும் வழவழப்பாக அமைக்கப்பட்டிருந்தது. 1996-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஈ.வி.1’ எனும் மின்கார், அடியையும் மூடிக்கொண்டு 0.19 எனும் காற்றுத்தடை எண்ணை எட்டியது. சாதாரணக் கார்களுக்கு அவ்வெண் 0.30, 0.35 என்ற அளவில் இருக்கும். எண் குறையக் குறையக் காற்றின் பிடி தளரும். 1999-இல் வந்த ஹோண்டா இன்சைட்டும் அடியைத் தட்டையாக்கி 0.25-ஐ எட்டியது.

அமெரிக்கச் சாலையில் கிடந்த இரும்புத்துண்டு

கல்லுக்கும் காற்றுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஒரு காரின் வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். அடித்தகட்டின் அருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

டெஸ்லா நிறுவனம் 2012-இல் ‘மாடல் எஸ்’ எனும் மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காரின் பேட்டரி தரைப்பகுதி முழுவதிலும் பாய்போல் விரிந்து கிடக்கும். அதற்குக் காவலாக 6 மில்லிமீட்டர் தடிப்பில் உறுதியான அலுமினியக் கவசத்தகடு ஏற்கெனவே இருந்தது. காற்றின் தடையைக் குறைப்பதற்காக, நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி தானாகவே சற்றுத் தாழ்ந்துகொள்ளும் வசதியும் இருந்தது.

2013 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகருக்கருகே அக்கார் ஒன்று, சாலையில் கிடந்த இரும்புப் பொருளின் மீது ஏறியது. அது ஒரு பெரிய லாரியிலிருந்து விழுந்த வளைந்த பாகம் என்று நிறுவனம் கூறிற்று. வளைந்திருந்ததால் அது நெம்புகோல் போல நிமிர்ந்து, கவசத்தகட்டில் 3 அங்குல விட்டத்துக்குத் துளையிட்டுவிட்டது. அத்துளையை உண்டாக்க ஏறத்தாழ 25 டன் விசை வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கார் எச்சரிக்கை தந்தது. ஓட்டியவர் சாலையை விட்டு விலகி நிறுத்தி இறங்கிவிட்டார். பின்னர் முன்பகுதி தீப்பற்றியது. அடுத்த மாதம் டென்னசி மாநிலத்திலும் அதே போன்று நிகழ்ந்தது. அங்கே மோதியது, டிரெய்லரை இணைக்கும் இரும்புக் கொக்கி. இரு நிகழ்ச்சிகளிலும் எவருக்கும் காயமில்லை.

நிறுவனம் என்ன செய்தது? 2013 நவம்பரிலேயே, கம்பியில்லாத் தொடர்பு வழியாகக் கார்களின் கணினிக்குப் புதிய கட்டளை அனுப்பி, நெடுஞ்சாலையில் வண்டி முன்போல் தாழாமல் சற்று உயர்ந்தே ஓடுமாறு மாற்றியது. வண்டி உயர்ந்தால் காற்றின் தடை சிறிது கூடும். ஆனால் கல்லின் ஆபத்து குறையும். உயிருக்கு முன்னால் எரிசக்தியின் இலாபம் பெரிதன்று அல்லவா?

அடுத்து 2014 மார்ச்சில் முன்புற அடிப்பாகத்துக்கு மூன்றடுக்குக் கவசம் செய்தது. முதலாவது, உள்ளீடற்ற வட்டமான அலுமினியத் தண்டு. எதிர்ப்படும் பொருளை ஒதுக்கித் தள்ளும், அல்லது பேட்டரிக்கு முன்னாலேயே மேல்நோக்கித் திருப்பிவிடும். இரண்டாவது, டைட்டானியம் தகடு. விமானங்களிலும் படைக்கலங்களிலும் பயன்படும் உலோகம் அது. மூன்றாவது, சற்றே சாய்ந்த கெட்டி அலுமினியப் பட்டை. நசுங்காத பொருளாயின் வண்டியே அதன் மேல் ஏறி இறங்கிப் போகச் செய்யும். கொக்கி, காங்கிரீட் கட்டை, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைச் சாலையில் போட்டு அவற்றின் மேல் காரை ஓட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 152 சோதனைகள். இத்தனையும் பொருத்திய பின் ஒரு மின்னேற்றத்தில் கார் ஓடும் தூரம் குறைந்தது 0.1 விழுக்காடு மட்டுமே என்று அறிவித்தார்கள். கவசம் காற்றைத் தடுக்காதவாறு வடிவமைக்கப்பட்டதே அதன் காரணம்.

புதிய கார்களுக்கு மட்டுமன்றி, முன்பே விற்ற கார்களுக்கும் உரிமையாளர் கேட்டால் கட்டணமின்றிப் பொருத்தித் தந்தார்கள். அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013 நவம்பரில் தொடங்கிய விசாரணையை, வண்டியின் உயரம் மாற்றப்பட்டதையும் கவசம் சேர்க்கப்பட்டதையும் ஏற்று 2014 மார்ச்சில் முடித்துக்கொண்டது.

அரசின் விசாரணை தலைக்கு மேல் இருந்ததால் செய்தார்கள் என்று கூறுவோரும் உண்டு. இருக்கட்டும். விற்ற பொருளில் குறை தெரிந்தால் வாங்கியவரிடம் மறைக்கக் கூடாது என்பதும், குறையுள்ள பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடத்தில் நாம் ஓதுபவையே. விற்ற பின்னும் பொருளின் மீது பொறுப்பு உண்டு என்பதை நம் வணிகர்கள் இந்நிகழ்ச்சியிலும் கண்டுகொள்ளலாம்.

அவசரத்தில் போட்ட தகடு

மீண்டும் நம் வீட்டுக்கு வருவோம். என்ஜின் சீரானதும், தமக்கை மகன் ‘சூடு கண்ட பூனை’ ஆனார். வேறொரு கடைக்குச் சென்று, கிடைத்த தடித்த இரும்புத்தகட்டை என்ஜினுக்கு அடியில் இறுக்கமாகப் பூட்டிவிட்டார். “இனிக் கவலையில்லை மாமா” என்றார். நானும் மகிழ்ந்தேன்.

ஆறு மாதம் கழிந்திருக்கும். ஒருநாள் வண்டியை நிறுத்தியதும் தீய்ந்த வாடை வந்தது. பழைய பட்டறைக்காரரிடமே கொண்டுபோனோம். அவர் தகட்டைக் கழற்ற முயன்றார். திருகாணிகள் துருவேறி அசையவில்லை. அறுத்துத்தான் எடுக்க நேர்ந்தது. தகட்டின் மேல் ஒரு கூடை அளவுக்கு உலர்ந்த சருகு! அதன் மேல் என்ஜினிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்த எண்ணெய் ஊறிக் கிடந்தது. தகடு இல்லாதிருந்தால் தரையில் விழும் எண்ணெய்த் துளியைக் கண்டு கசிவை அறிந்திருப்போம். தகடு அதை மறைத்துவிட்டது. அருகிலேயே கொதிக்கும் புகைக்குழாய். தீப்பற்றாமல் காத்தவன் அல்லாஹ்.

“காவலாளியை வைத்தீர்கள், அவன் வாசலைப் பூட்டிச் சாவியை எறிந்துவிட்டான்” என்றார் பட்டறைக்காரர்.

சிந்தித்துப் பாருங்கள். முதல் இழப்பு, தகடு இல்லாததால் வந்தது. இரண்டாவது ஆபத்து, அறியாமல் போட்ட தகட்டால் வந்தது. கவசம் வேண்டும்தான், அதைவிட முன்னதாக, கவசத்தைப் பற்றிய அறிவு வேண்டும்.

பொருத்துமுன் அறிய வேண்டியவை

அன்று அவரிடம் கேட்டதையும், பின்னர் படித்துத் தெரிந்ததையும் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலாவது, உங்கள் காரில் ஏற்கெனவே அடித்தகடு உண்டா என்று பாருங்கள். பல கார்களில் தொழிற்சாலையிலேயே கருநிறப் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். அது சேற்றையும் நீரையும் தடுக்கும், காற்றுக்கும் உதவும், கல்லின் மோதலைத் தாங்காது. சிலவற்றில் அது உடைந்து தொங்கிச் சாலையில் உரசும். பட்டறையில் கழற்றிவிட்டு மீண்டும் பூட்ட மறந்திருப்பார்கள். அப்படியாயின் புதிய கவசம் தேடுமுன், பழைய மூடியைச் செம்மையாகப் பொருத்துவதே முதல் வேலை.

இரண்டாவது, பொருளின் தேர்வு. 80 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தகட்டை எடுத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் இரும்பாயின் அதன் எடை ஏறத்தாழ 7.5 கிலோ. 3 மில்லிமீட்டர் அலுமினியமாயின் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே தடிப்பில் பிளாஸ்டிக்காயின் 1.5 கிலோவுக்கும் குறைவு. இரும்பு மலிவு, வலிமை மிக்கது; ஆனால் கனமும் துருவும் உண்டு. கடலோர ஊர்களில் வாழும் நாம் உப்புக்காற்றின் வேலையை அறிவோம். அங்கே துத்தநாகப் பூச்சில்லாத இரும்பு நெடுநாள் தாங்காது. அலுமினியம் இலேசானது; விலை கூடுதல். பிளாஸ்டிக் காற்றுக்காக மட்டும் ஏற்றது. மேலும் பாலிபுரொப்பிலீன் எனும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். புகைக்குழாயின் முன்பகுதியும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அதைவிடப் பன்மடங்கு கொதிப்பவை. ஆகவே அவற்றுக்கு அருகே பிளாஸ்டிக் கூடவே கூடாது.

மூன்றாவது, காற்றோட்டம். முன்புறத்தில் நுழைந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கும் காற்று, பெரும்பாலும் என்ஜினுக்கு அடிவழியாகவே வெளியேறுகிறது. அவ்வழியை முற்றிலும் அடைத்தால், மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விடாதவன் நிலைதான். தகட்டில் பின்னோக்கிச் சாய்ந்த பிளவுகள் இருக்க வேண்டும். நீர் வடியத் தாழ்வான இடத்தில் துளைகள் வேண்டும். எண்ணெய் மாற்றும்போது தகட்டைக் கழற்றாமலே வடிக்கத்தக்கதாக, எண்ணெய்த் திருகாணிக்கு நேரே ஒரு திறப்பும் வேண்டும்.

நான்காவது, பொருத்தும் முறை. காரின் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில்தான் திருகாணி பூட்ட வேண்டும். புதிதாகத் துளையிட்டால் சட்டம் வலுவிழக்கும். துருவும் அங்கேதான் நுழையும். வெல்டிங் வைக்கவே வேண்டாம். எரிபொருள் குழாய்க்கு அருகில் தீப்பொறி பறப்பது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. சேம்பருக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளியேனும் விட வேண்டும். அடிபட்ட தகடு வளைந்து சேம்பரையே முட்டினால் காவலே பகையாகிவிடும். திருகாணிகளில் கிரீஸ் தடவிப் பூட்டினால் பின்னர் கழற்ற எளிது. மாதத்துக்கு ஒருமுறை அவற்றை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, உங்கள் கார் மாதிரிக்கென்றே செய்த தகட்டையே வாங்குங்கள். மோதலின்போது முன்பகுதி எப்படி நசுங்க வேண்டும், என்ஜின் எவ்வழியே நகர வேண்டும் என்பதெல்லாம் வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு வைத்தவை. கண்டபடி பூட்டிய கனத்த இரும்பு அக்கணக்கைக் குலைத்துவிடும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின், விற்பனை நிலையத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்ட பின்னரே பூட்டுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பாருங்கள். அடிபட்டு எண்ணெய் வடிந்த பின் தொடர்ந்து ஓட்டியதால் என்ஜின் கெட்டால், பல பத்திரங்களில் அதற்கு இழப்பீடு கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கைவிரித்தார்கள்.

மற்றொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின் மீது வண்டியை இறக்கிய பின்னரே அடியில் செல்ல வேண்டும். ஒரு தகட்டுக்காக ஒரு தாய் பிள்ளையை இழக்கக் கூடாது.

காற்றுக்காகத் தகடு போடலாமா?

“அடியை முழுதும் மூடிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே!” என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் பார்ப்போம். தகடுகள் காற்றின் தடையை நூற்றுக்கு 5 பங்கு குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் டயரும் சேர்ந்து தடுக்கும் 44 கிலோ விசையில் மிச்சமாவது 1.6 கிலோ, அதாவது நூற்றுக்கு 4 பங்குக்கும் குறைவு. 40 கிலோமீட்டர் வேகத்திலோ மிச்சம் கால் கிலோ. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. நகரத்து நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு, பிரேக் பிடிப்பதிலும் மீண்டும் வேகமெடுப்பதிலுமே எரிபொருளின் பெரும்பகுதி கழிவதால், அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

நாள்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு செல்வோருக்கு, தொழிற்சாலையே தரும் மூடியைப் பொருத்திக்கொள்வது பயன்தரும். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் வண்டிக்கு, சிக்கனம் என்ற பெயரில் பணத்தைக் கொட்டி அடிமுழுவதும் தகடு அடிப்பது இஸ்ராஃப் என்னும் வீண்விரயத்தில்தான் சேரும். அவர்களுக்கு டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், கூரையின் மேல் வெறுமனே நிற்கும் சுமைதாங்கியைக் கழற்றி வைப்பதும், 100-இல் செல்லும் வேகத்தை 80-க்குக் குறைப்பதும் செலவில்லாத சிக்கனங்கள். 80-க்குக் குறைத்தாலே காற்றின் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எந்தத் தகடும் இவ்வளவு தராது.

மின்கார் வைத்திருப்போருக்கு

இப்போது நம் வீடுகளிலும் மின்கார்கள் வரத் தொடங்கியுள்ளன. அவற்றில் சேம்பர் இல்லை. ஆனால் பல வண்டிகளில் அடியிலேயே பேட்டரி இருக்கிறது. வண்டியின் விலையில் பெரும்பங்கு அதுவே. அதன் அடித்தட்டில் துளையிடுவதோ வெல்டிங் வைப்பதோ தற்கொலைக்கு ஒப்பாகும். உயர்மின்னழுத்தம் ஓடும் இடம் அது. வெளிக்கடையில் தகடு பூட்டாமல், தயாரித்த நிறுவனத்தின் பணிமனையையே நாடுங்கள். அடியில் பலத்த அடி விழுந்தால், வண்டி ஓடுகிறது என்று இருந்துவிடாமல் அன்றே சோதிக்கச் செய்யுங்கள். எச்சரிக்கை எழுந்தால் ஒதுங்கி நிறுத்தி, அனைவரையும் இறக்கி, விலகி நில்லுங்கள். அந்த அமெரிக்க ஓட்டுநரைக் காத்தது இந்தக் கீழ்ப்படிதல்தான்.

தவக்குலும் தகடும்

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பொறுப்பைச் சாட்டுவது தவக்குல் ஆகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நம் பிள்ளைகளும் அறிவர். இக்காலத்தின் ஒட்டகம் கார். அதைக் கட்டுவது என்பது, பயணத்துக்கு முன் குனிந்து அடியைப் பார்ப்பதும், தேவையான கவசத்தை அறிவோடு பூட்டுவதும், அளவோடு சுமை ஏற்றுவதும், சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துவதும் ஆகும். நமக்குக் கிடைத்த பொருள் அமானிதம். அதில் ஏறும் உயிர்கள் அதனினும் பெரிய அமானிதம்.

மற்றொரு கடமையும் நமக்குண்டு. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதும் நபிகளாரின் போதனையே. கென்ட் நகரச் சாலையில் கிடந்த அந்த இரும்பை நினைத்துப் பாருங்கள். எவருடைய லாரியிலிருந்தோ ஒரு துண்டு விழுந்தது. அது ஒரு காரைக் கொளுத்தியது. லாரி வைத்திருக்கும் சகோதரர்கள் தங்கள் சுமையையும் பூட்டுகளையும் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டாமா? தெருவில் தம் விருப்பம்போல் மேடு கட்டும் ஊரார், இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் கொடுத்து, மெல்ல ஏறி மெல்ல இறங்குமாறு வேகத்தடையை அமைக்கச் சொல்கிறது என்பதை அறிய வேண்டாமா? செங்குத்தான மேடு, வேகத்தைத் தடுப்பதோடு நில்லாமல் பிறர் வண்டியையும் உடைக்கிறது. வண்டி பழுதாகி நின்றவர், சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சாலை நடுவிலேயே விட்டுச் செல்கிறாரே, அது அடுத்து வரும் குடும்பத்தின் சேம்பரை உடைக்கும் கல் அல்லவா?

நம் வண்டிக்குக் கீழே ஒரு தகடு பூட்டினால் ஒரு குடும்பம் காக்கப்படும். சாலையில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து ஓரத்தில் போட்டால், அவ்வழியே செல்லும் எல்லாக் குடும்பங்களும் காக்கப்படும்.

தமக்கை மகனின் காரில் இப்போது பிளவுகளும் துளைகளும் உள்ள, அவ்வண்டிக்கென்றே செய்த அலுமினியத்தகடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் கூரையைத் துடைக்குமுன், அவர் ஒரு பழைய பாயை விரித்துக் குனிந்து அடியைப் பார்க்கிறார். அவருடைய சிறு மகனும் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களும் குனிந்து பாருங்கள்.

வல்ல நாயன் நம் பயணங்களை நலமுடன் புறப்பட்டு நலமுடன் திரும்பும் பயணங்களாக ஆக்கியருள்வானாக! நம் வழித்தடங்களில் தீங்கு விளைவிப்பவற்றை அகற்றும் நற்பேற்றை நமக்கு அளிப்பானாக! ஆமீன்.